குரல் தாழும் இடம்

வடசென்னையில் எண்ணூர் பக்கம் யாரிடமாவது பேசிப் பதிவு செய்யப் போனால், முதலில் குறுக்கே வருவது கண்டெய்னர் லாரிதான். எண்ணூர் விரைவுச் சாலையில் துறைமுகத்துக்குள் போக வரிசைகட்டி நிற்கும்போதும் இன்ஜின் ஓடிக்கொண்டே இருக்கும். காசிமேட்டில் விசைப்படகு, ராயபுரத்தில் ரயில், திருவொற்றியூரில் ஓயாத கடற்காற்று. சத்தமில்லாத அறை இங்கே பலருக்கு வாய்ப்பதில்லை. அதற்காக அவர்கள் குரல் பதிவாகாமல் போய்விடக் கூடாது.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலிப் பக்கமிருந்து வந்த எண்ணெய், பக்கிங்ஹாம் கால்வாய் வழியாகக் கொசஸ்தலை ஆற்றில் கலந்து எண்ணூர் முகத்துவாரம் வரை படிந்தது. அதைப் பற்றிக் கைபேசியில் எடுத்த ஒரு பதிவைச் சரிசெய்ய உட்கார்ந்தேன். ஆற்றில் கையால் தடவி இறால் பிடிக்கும் ஆயா பேசுகிறார். கோபமாகத்தான் தொடங்குகிறார். "கைய எவ்ளோ தேச்சாலும் எண்ண நாத்தம் போவலப்பா" என்று சொல்லும்போது குரல் இறங்கிவிடுகிறது. அந்த நேரம் பார்த்து ஒரு லாரி.

ஆடாசிட்டி போன்ற மென்பொருளில், யாரும் பேசாத சில நொடிகளை மாதிரியாகக் காட்டினால், அதே சத்தத்தை மற்ற இடங்களிலும் குறைத்துத் தரும். மின்விசிறி, ஜெனரேட்டர் என ஒரே சீராக இரைவதற்கு இது நன்றாக வேலை செய்யும். ஹாரனுக்கும் கியர் மாற்றும் உறுமலுக்கும் உதவாது. சத்தம் போகவில்லையே என்று குறைப்பை மேலும் மேலும் கூட்டினால் மெய்யெழுத்துகள் தேய்ந்து, தண்ணீருக்குள்ளிருந்து பேசுவதுபோல் ஆகிவிடும். 12 டெசிபெல்லுக்கு மேல் நான் குறைப்பதில்லை. அதற்கு முன்பே 80 ஹெர்ட்ஸுக்குக் கீழுள்ளதை வெட்டிவிட்டால் இன்ஜினின் அடி உறுமல் கணிசமாக இறங்கும். பெண் குரல் அவ்வளவு கீழே இறங்குவது அரிது.

கம்ப்ரஷன் இதற்குப் பிறகுதான். உரத்த இடங்களை அமுக்கிவிட்டு மொத்தத்தையும் உயர்த்துவது அதன் வேலை. அமுக்கும் விகிதத்தை 3:1 என்று வைத்தால், குறித்த அளவை 6 டெசிபெல் தாண்டிய குரல் 2 டெசிபெல் மட்டுமே தாண்டும். மொத்தத்தையும் உயர்த்தும்போது மெல்லிய சொல்லோடு அடியில் கிடக்கும் இரைச்சலும் எழும்பும். அதனால்தான் இரைச்சலை முதலில் குறைக்க வேண்டும். 3:1-இல் ஆயாவின் அந்த வரி தெளிவாகக் கேட்டது. 8:1 வைத்துப் பார்த்தேன். சொற்களின் இடைவெளியில் லாரி ஏறி வந்தது. அதைவிட மோசம், அவர் குரல் இறங்கியதே தெரியவில்லை. கோபமும் களைப்பும் ஒரே மட்டத்தில் ஒலித்தன. அப்படி ஒரு பதிவை நான் வெளியே கொடுக்க மாட்டேன். அது அவர் பேசிய பேச்சே அல்ல.

இவ்வளவு சிரமத்தில் பெரும்பகுதி பதிவு செய்யும் இடத்திலேயே தீர்ந்துவிடும். சேலைத் தலைப்பில் குத்தும் மைக் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. திறந்தவெளியில் வாய்க்கும் மைக்குக்கும் உள்ள தூரத்தைப் பாதியாக்கினால் குரல் சுமார் 6 டெசிபெல் கூடும். சாலையில் நிற்கும் லாரியின் சத்தம் அப்படியேதான் இருக்கும்.

வடசென்னைப் பெரியவர்களைப் பதிவு செய்கிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். வாட்ஸ்அப்பில் அனுப்பும் குரல் பதிவு சுருக்கப்பட்டே போகிறது. அதில் இழந்தது திரும்பாது. முடிந்தால் வேவ் (WAV) கோப்பாக எடுங்கள். அசலைத் தொடாமல் இரண்டு இடத்தில் வையுங்கள். நகலில் மட்டும் வேலை செய்யுங்கள். சத்தம் நீக்கும் மென்பொருள்கள் தேறிக்கொண்டே வருகின்றன. அவற்றிடம் கொடுக்க அசல் உங்கள் கையில் இருக்க வேண்டும்.