கண்வலிக்கிழங்கும் என் கால் கட்டைவிரலும்

போன ஐப்பசியில் ஒரு நாள் நடுராத்திரி, வலது கால் கட்டைவிரல் தீயாய் எரிந்தது. போர்வை பட்டால்கூட உயிர் போயிற்று. யூரிக் அமிலப் படிகம், கவுட் என்றார் அம்பத்தூர் டாக்டர். கொல்ச்சிசின் எழுதிக் கொடுத்தார்.

பெயரைப் பார்த்ததும் பள்ளியில் படித்த பிரெஞ்சுச் சொல் நினைவுக்கு வந்தது: கொல்ஷிக், இலையுதிர்காலப் பூ. அதிலிருந்து 1820-இல் இந்த மருந்தைப் பிரித்தெடுத்தவர்கள் பாரிஸின் பெல்தியேவும் கவாந்துவும். அதே சரக்கு நம் மாநிலப் பூவான செங்காந்தளிலும் உண்டு. தாராபுரம், மூலனூர் பக்கம் விதைக்காகப் பயிரிடுகிறார்கள். கிராமத்தில் அதைக் கண்வலிக்கிழங்கு என்பார்கள். தின்றால் சாவு.

வலி தாங்காமல், சொன்னதற்கு மேல் இரண்டு மாத்திரை போட்டுக்கொண்டேன். மறுநாள் முழுக்க வாந்தி, பேதி.

டாக்டர் திட்டிவிட்டு விளக்கினார். செல்லுக்குள் டியூபுலின் என்ற புரதம் செங்கல்போல அடுக்கி நுண்குழல்களைக் கட்டுகிறது. அதற்கு ஜி.டி.பி. என்ற மூலக்கூறும் மின்னேற்றமுள்ள மக்னீசியமும் துணை. கொல்ச்சிசின் டியூபுலினில் ஒட்டிக்கொண்டால் கட்டுமானம் மேலே ஏறாது. படிகத்தைத் தாக்க ஓடிவரும் வெள்ளணுக்கள் தடுமாறும், வலி அடங்கும். ஆனால் குடலின் உட்சுவரில் செல்கள் ஓயாமல் பிரிகின்றன. பிரிய அதே குழல்தான் வேண்டும். அளவு மீறினால் அங்கேயும் வேலை நின்றுவிடும்.

இந்த மருந்தில் குணத்துக்கும் நஞ்சுக்கும் இடைவெளி மிகக் குறைவு. சிறுநீரகம் தளர்ந்த நம் வயதில் இன்னும் குறைவு. இப்போது மாத்திரை அட்டை என் மனைவியின் பொறுப்பில். கேட்டுத்தான் வாங்க வேண்டும்.