வெள்ளிக்கிழமை பஜனையில் கிட்டார் எதற்கு?

 

கொஞ்ச நாளா கோயில் வாட்ஸாப் குழுவிலயும், செருப்பு விடுற இடத்துலயும், அன்னதான வரிசையிலயும் ஒரே கேள்விதான். "வெள்ளிக்கிழமை பஜனையில அந்தப் பையன் கிட்டார் வாசிக்கிறானே, இது சரியா?" ஒரு ஐயா நேராவே கேட்டுட்டார், "நம்ம கோயில் என்ன சர்ச்சா?" கேட்டவர் முப்பது வருஷமா இங்க தேர் வடம் பிடிக்கிறவர். வாய்க்கு வந்ததைப் பேசுறவர் இல்ல. அதனால தொண்டூழியர்கள் நாங்க உட்கார்ந்து பேசி இதை எழுதுறோம். கொஞ்சம் நீளம். பாலத்துல பஸ் நகராம நிக்கிறப்போ படிங்க.

முதல்ல ஒண்ணு. வெளிநாட்டு வாத்தியம் என்பதுதான் குறைன்னா, நம்ம பஜனை மேடையே பாதி காலியாயிடும். ஹார்மோனியத்துக்கு 1842இல் பாரிஸில் காப்புரிமை வாங்கினாங்க. கல்கத்தாவில் துவாரகநாத் கோஷ் அதைத் தரையில உட்கார்ந்து ஒரு கையால துருத்தி அமுக்கி வாசிக்கிற மாதிரி மாத்தினதுக்கு அப்புறம்தான் அது நம்ம மடிக்குப் பக்கத்துல வந்துச்சு. அகில இந்திய வானொலி 1940 முதல் 1971 வரை அதைத் தடை பண்ணியே வெச்சிருந்தது. வயலின் கதையும் இப்படித்தான். முத்துசுவாமி தீட்சிதரோட தம்பி பாலுசுவாமி தீட்சிதர் அதை ஓர் ஐரோப்பியர்கிட்ட கத்துக்கிட்டு, நம்ம பாட்டை அதுல வாசிச்சுக் காட்டினவர். நம்ம பிள்ளைங்க பாட்டு வகுப்புல முதல் மாசமே பாடுற "சக்தி சஹித கணபதிம்" இருக்கே, அது வெள்ளைக்காரங்க பேண்டு மெட்டுகளைக் கேட்டு தீட்சிதர் எழுதின நோட்டுஸ்வர வகை. பிள்ளையார் ஒண்ணும் கோவிச்சுக்கல.

ஆனா ஐயா கேட்டது வாத்தியத்தோட பாஸ்போர்ட்டைப் பத்தி இல்லை, அதோட சத்தத்தைப் பத்தி. அது நியாயமான கேள்வி.

கிட்டாரை எல்லாரும் முதல்ல கத்துக்கிறது கார்டு வழியா. மூணு நாலு ஸ்வரத்தைச் சேர்த்து ஒரே நேரத்துல மீட்டுறது. தேவாலயத்துல பலபேர் பல குரல்ல சேர்ந்து பாடும்போது அது அழகு, அந்தப் பாட்டுங்க அதுக்குன்னே பிறந்தது. நம்ம பாட்டு ஒரே கோடு. ஒரு ஸ்வரத்துல இருந்து அடுத்ததுக்கு வழுக்கி, அசைஞ்சு, திரும்பிப் பார்த்துப் போகும். அதுக்குக் கீழ கார்டு அடிச்சா, பாடுறவங்க எங்க போகணும்னு கிட்டார் முடிவு பண்ண ஆரம்பிச்சிடும். கமகம் போட்டுப் பாடுற காந்தாரம், கார்டுல இருக்கிற ஆடாத காந்தாரத்தோட மோதும். காதுக்கு ஏதோ ஒட்டலன்னு தெரியும், என்னன்னு சொல்லத் தெரியாது. "சர்ச் மாதிரி"ன்னு சொல்லிடுவோம்.

தம்பி வந்த முதல் வெள்ளிக்கிழமை அதுதான் நடந்துச்சு. வயசு 22. விடியக்காலை நாலரைக்கு மோட்டார் சைக்கிள் எடுத்துட்டு அந்தப் பக்கம் வேலைக்குப் போயிட்டு, ராத்திரிதான் திரும்புற பையன். கிட்டார் முழுக்க கைப்பேசியில பார்த்துக் கத்துக்கிட்டது. இளையராஜா பாட்டுல வர்ற கிட்டார் எல்லாம் அச்சு அசலா வாசிப்பான். ஆங்கில ராக் பாட்டும் அப்படியே. சத்தத்தை மாத்துற எஃபெக்ட்ஸ் பெடல் ஒண்ணை 400 வெள்ளிக்கு செகண்ட் ஹேண்ட்ல வாங்கி வெச்சிருந்தான். நம்ம ஹார்மோனிய ஐயா மகள் வீட்டோட இருக்க ஈப்போ போயிட்டதால, "தம்பி, நீ வந்து துணைக்கு வாசிப்பா"ன்னு கூப்பிட்டோம்.

பஜனைக்கு முன்னால உட்கார்ந்து பாடுற அம்மாவை உங்க எல்லாருக்கும் தெரியும். எழுபது தாண்டிட்டாங்க. குளுவாய் பக்கத்து ரப்பர் எஸ்டேட்டுல பிறந்து வளர்ந்தவங்க. அங்க இருந்த மாரியம்மன் கோயில்ல அவங்க அம்மாவும் பாட்டியும் பாடின பாட்டுங்கதான் இவங்க பாடுறது. எந்தப் புத்தகத்துலயும் கிடையாது, எந்த கேசட்டுலயும் கிடையாது. எஸ்டேட் போயி செம்பனை வந்து, அதுவும் போயி இப்போ தாமான் வந்தாச்சு. பாட்டு இருக்கிற ஒரே இடம் அந்த அம்மாவோட தொண்டை.

அன்னைக்குத் தம்பி கார்டு அடிக்க அடிக்க, அம்மா ரெண்டாவது அடியிலயே நின்னுட்டாங்க. திட்டல. சிரிச்சுக்கிட்டே கைத்தாளத்தை மடியில வெச்சாங்க. "நீ போப்பா, நான் பின்னால வர்றேன்"ன்னாங்க. அவன் எங்க போவான்? ராத்திரி பதினோரு மணிக்கு எங்களுக்கு ஒரு குரல் செய்தி: "அண்ணே, நான் இனிமே வரல. என் கிட்டார்ல வர்றதெல்லாம் அடுத்தவன் சத்தம். என்னுதுன்னு ஒண்ணும் இல்ல."

எங்கள்ல ஒருத்தர் மாண்டலின் ஸ்ரீநிவாஸ் பைத்தியம். அவர் மறுநாளே தம்பியைத் தே தாரேக் குடிக்கக் கூப்பிட்டுட்டுப் போயி ஸ்ரீநிவாஸ் கதையைச் சொன்னார். இங்கயும் சொல்றோம், ஏன்னா விஷயமே அதுக்குள்ளதான் இருக்கு.

ஸ்ரீநிவாஸ் 1969இல் ஆந்திராவில் பாலகொல்லு என்கிற ஊர்ல பிறந்தவர். அப்பா கிளாரினெட் வாசிக்கிறவர். பையன் ஆறு வயசுல மாண்டலினைக் கையில எடுத்தான். குரு ருத்ரராஜு சுப்பராஜு, செம்பை வைத்தியநாத பாகவதரோட சீடர். அவருக்கு மாண்டலின் வாசிக்கத் தெரியாது! அவர் வாயால பாடுவார், பையன் கேட்டுட்டு அதைத் தந்தியில கொண்டு வருவான். இந்த விரலை இங்க வைன்னு சொல்ல ஆளே கிடையாது. ஒவ்வொரு கமகத்துக்கும் வழியை அவனே கண்டுபிடிக்கணும். 1978இல் குடிவாடாவில் முதல் கச்சேரி. 1981இல் சென்னையில வாசிச்சப்போ வயசு பன்னிரண்டு.

மாண்டலின்ல தந்தி ஜோடி ஜோடியா நாலு ஜோடி, மொத்தம் எட்டு. ஜோடியா இருந்தா இழுத்து அசைக்கிறது கஷ்டம், சத்தமும் சட்டுனு செத்துடும். ஸ்ரீநிவாஸ் ஜோடியை விட்டுட்டு ஒத்தைத் தந்தியா போட்டார், கீழ் ஸ்தாயிக்கு ஐந்தாவதா ஒரு தந்தி சேர்த்தார், மின்சார மாண்டலினை எடுத்துக்கிட்டார். ஸ்வரம் நீண்டு நின்னுச்சு. பாடுற மாதிரி ஆச்சு. கவனிங்க: அவர் முதல்ல சத்தத்தைத் தேடல. பாட்டு காதுல இருந்துச்சு, அந்தப் பாட்டுக்கு எது தடையோ அதை வாத்தியத்துல இருந்து ஒவ்வொண்ணா எடுத்துப் போட்டார். மிச்சம் இருந்ததைத்தான் உலகம் "ஸ்ரீநிவாஸ் சத்தம்"னு சொல்லுச்சு. 2014 செப்டம்பர் 19இல் 45 வயசுல போயிட்டார். அந்த வயசு நினைச்சா இன்னைக்கும் மனசு ஆறல.

கத்ரி கோபால்நாத் சாக்ஸபோன்ல செஞ்சதும் இதே வேலைதான். "டூயட்" படம் பார்த்தவங்களுக்கு விளக்கம் தேவையில்ல.

"அவங்க எல்லாம் வாத்தியத்தையே மாத்திட்டாங்க, என்கிட்ட சாதா கிட்டார்தானே இருக்கு"ன்னு தம்பி கேட்டானாம். அதுக்கும் ஆள் இருக்கார். ராணிப்பேட்டையில பிறந்த ஆர். பிரசன்னா. சென்னை ஐஐடியில கப்பல் கட்டுற பொறியியல் படிச்சுட்டு, அமெரிக்காவில பெர்க்லி இசைக் கல்லூரிக்குப் போனவர். வயலின் மேதை ஏ. கன்னியாகுமரி அவரோட குருமார்கள்ல ஒருத்தர். மெட்டு வெச்ச சாதாரண மின்சார கிட்டார்லயே தியாகராஜர் கிருதி வாசிப்பார், தந்தியை விரலால இழுத்தும் வழுக்கியும். அதே கையால ஜாஸும் வாசிப்பார். வீணையில மெழுகு மேல பதிச்ச 24 மெட்டு உயரமா இருக்கிறதால தந்தியை நல்லா பக்கவாட்டுல இழுக்கலாம். கிட்டார்ல அவ்வளவு இடம் இல்ல, விரல் புண்ணாகும். ஆனா வரும்.

தம்பிக்கு நாங்க ஒரே ஒரு வேண்டுகோள்தான் வெச்சோம். மூணு மாசம் பஜனைக்குக் கிட்டார் இல்லாம வா. அம்மா பக்கத்துல உட்காரு. பாடு.

அவனுக்குப் பாட வெட்கம். முதல் மாசம் உதடு மட்டும் அசைஞ்சுச்சு. ரெண்டாவது மாசம் அம்மா அவனை வீட்டுக்கே வரச் சொல்லிட்டாங்க, ஞாயிற்றுக்கிழமை மதியம். சாப்பாடு போட்டு, பாட்டும் சொல்லிக் கொடுத்தாங்க. அவன் கைப்பேசியில பதிவு பண்ணான். இதுவரைக்கும் 17 பாட்டு. ஒரு பாட்டுல ஒரு இடம் வருது, அம்மனை எழுப்புற இடம். ஒரு ஸ்வரத்தைப் பிடிச்சு, பால் மரம் வெட்டப் போறவங்க இருட்டுல ஒருத்தரை ஒருத்தர் கூப்பிடுற மாதிரி அம்மா இழுப்பாங்க. எந்த ராகம்னு எங்க யாருக்கும் சொல்லத் தெரியல. அந்த ஒரு இடத்துக்காக அவன் வீட்டுல ரெண்டு வாரம் தந்தியை இழுத்துக்கிட்டு இருந்தான்னு அவங்க அம்மா சொன்னாங்க.

அப்புறம் கிட்டாரோட வந்தான். பெடல் இல்ல. ஆறு தந்தியையும் ச-ப-ச-ம-ப-ச என்று சுருதி கூட்டியிருந்தான். இப்போ சும்மா மீட்டினாலே தம்புரா மாதிரி இருக்கு. கார்டு கிடையாது. அந்த மத்தியமத் தந்தியை மட்டும் பார்த்துத் தொடணும், கல்யாணியில பாடும்போது அது பக்கமே போகக்கூடாதுன்னு அவனே சொல்றான்! அம்மா முன்னெல்லாம் ஐந்தரைக் கட்டையில பாடுவாங்க. இப்போ நாலுக்கு மேல ஏறல, சில வெள்ளிக்கிழமை மூணுதான். தம்பி கிட்டார் கழுத்துல ஒரு கிளிப்பு மாட்டுவான், கேப்போன்னு பேரு. மூணாவது மெட்டுல மாட்டினா நாலு கட்டை, ரெண்டாவது மெட்டுக்கு இறக்கினா மூணு கட்டை. அம்மா முதல் ஓம் சொல்ற சத்தத்தை வெச்சே இன்னைக்கு எங்க மாட்டணும்னு தெரிஞ்சுக்கிறான். மேல் ஷட்ஜத்துல அம்மாவுக்கு மூச்சு நிக்கிற இடத்துல, அந்த இழுப்பைக் கிட்டார் கொஞ்சம் முன்னால எடுத்துட்டுப் போகும். அம்மா மூச்சு வாங்கிட்டு வந்து சேர்ந்துக்குவாங்க.

கேட்டவங்களுக்குத் தெரியும், அது யூடியூபுல இருக்கிற எந்தக் கிட்டாரும் இல்ல. ஸ்ரீநிவாஸும் இல்ல, பிரசன்னாவும் இல்ல. தம்பி தேடின சத்தம் அதுவான்னு கேட்டோம். "தெரியல அண்ணே. ஆனா இப்ப வாசிக்கிறப்போ யாரையும் பார்த்து எழுதுற மாதிரி இல்ல"ன்னான். அது போதும் எங்களுக்கு.

நிர்வாகத்துலயும் பேசியாச்சு. கருவறை பூஜைக்கு நாதஸ்வரமும் தவிலும்தான், அதுல எந்த மாற்றமும் கிடையாது. ஊர்வலத்துல உறுமி மேளப் பசங்க வழக்கம்போல. கிட்டார் வெள்ளிக்கிழமை பஜனைக்கு மட்டும், ஒலிபெருக்கி சத்தம் அம்மா குரலுக்குக் கீழதான். இதுல உடன்படாதவங்க இன்னும் இருக்காங்க. கேள்வி கேட்ட ஐயாவும் முழுசா ஒத்துக்கல. ஆனா போன வாரம் அம்மனை எழுப்புற அந்தப் பாட்டு முடியிற வரைக்கும் கொடிமரத்துப் பக்கத்துல நின்னார். முடிஞ்சதும், "அந்த ரெண்டாவது அடியில தாளம் ஓடுது, பையன்கிட்ட சொல்லுங்க"ன்னுட்டுப் போனார். சொல்லிட்டோம் ஐயா.

இன்னொரு விஷயம். எஸ்டேட் கோயில் பாட்டு தெரிஞ்ச பெரியவங்க உங்க வீட்டுல இருந்தா தயவுசெஞ்சு சொல்லுங்க. ரெண்டு வரிதான் ஞாபகம் இருக்குன்னாலும் பரவாயில்ல. வெளியே வர முடியாதவங்கன்னா தம்பியும் நாங்களும் வீட்டுக்கே வந்து பதிவு பண்ணிக்கிறோம்.

பஜனை வழக்கம்போல வெள்ளிக்கிழமை இரவு ஏழரைக்கு. கிட்டார் கத்துக்கணும்னு ஆறு பிள்ளைங்க பேர் கொடுத்திருக்காங்க. அவங்க ஆறரைக்கே வந்துடுங்க. முதல் மூணு மாசம் கிட்டார் கொண்டு வர வேண்டாம்.