கை கட்டி நிற்பதும் தொண்டுதான்

கோயில் தொண்டூழியர் குழுவிலிருந்து எழுதுகிறோம். பதிவு கொஞ்சம் நீளம். பசியாறிவிட்டு நிதானமா படிங்க.

வரும் பள்ளி விடுமுறையில் கெடா, பூஜாங் பள்ளத்தாக்குக்குப் போகிற பஸ்ஸில் 44 இடமும் நிரம்பிவிட்டது. பெயர் கொடுத்த எல்லாருக்கும் நன்றி. ஆனால் மூன்று நாளாக வாட்ஸ்அப் குழுவில் ஒரே பேச்சு. "அங்கே கற்பூரம் ஏத்தலாமா? அபிஷேகத்துக்குப் பால் கொண்டு வரட்டுமா? எண்ணெய் யார் பொறுப்பு?" நம்ம மூத்த அம்மா ஒருவர் குரல் பதிவே அனுப்பிட்டாங்க. "இத்தனை நூறு வருஷமா விளக்கு இல்லாம கிடக்குற கோயில். நாம போயும் ஏத்தலைன்னா வேற யாருப்பா ஏத்துவா?"

அந்தக் குரலைக் கேட்ட பிறகு "அனுமதி இல்லை" என்று ஒரு வரியில் முடிக்க எங்களுக்கு மனசு வரவில்லை. கற்பூரமும் எண்ணெயும் ஏன் வேண்டாம் என்கிறோம் என்று விளக்கமாகவே சொல்லிவிடுகிறோம்.

முதலில், போகிற இடம் எப்படிப்பட்டது? ஜெராய் மலைக்கும் மூடா ஆற்றுக்கும் நடுவே இருக்கிற பூமி அது. பழைய கடாரம். கடலில் வருகிற மாலுமிக்குத் தூரத்திலேயே கண்ணில் படுகிற மலை ஜெராய். அதை அடையாளம் வைத்துத்தான் கப்பல்கள் வந்தன. 50க்கும் மேற்பட்ட கட்டட மிச்சங்களை அந்த வட்டாரத்தில் கண்டுபிடித்திருக்கிறார்கள். மலாய் மொழியில் அவற்றைச் 'சண்டி' என்பார்கள். சில சைவம் சார்ந்தவை, சில பௌத்தம் சார்ந்தவை. இராஜேந்திர சோழன் கடாரத்தின் மேல் படையெடுத்தது 1025-இல். தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டிலும் கடாரத்தின் பெயர் இருக்கிறது. ஆனால் சோழன் வருவதற்குப் பல நூறு வருஷம் முன்னாடியே அங்கே துறைமுகம் நடந்துகொண்டிருந்தது. அதனால் எல்லாமே சோழன் கட்டினது என்று பஸ்ஸில் பிள்ளைகளிடம் சொல்லிவிடாதீர்கள்.

நாம் பார்க்கப் போவதில் பெரியது, மெர்போக் அருங்காட்சியகத்தின் பக்கத்திலேயே இருக்கிற சண்டி புக்கிட் பத்து பகாட். ஓடைக் கரையில், கல்லால் கட்டியது. கருவறை இருந்த மேடையும் அதன் முன்னால் மண்டபமும் தெரியும். மண்டபத்தில் தூண் நிறுத்திய கல் பாதங்கள் வரிசையாக இருக்கும். மரத்தூணும் கூரையும் எப்போதோ மக்கிப் போய்விட்டன. 1930களில் குவாரிச் வேல்ஸ் தம்பதியர் இதைத் தோண்டி ஆராய்ந்தார்கள். அப்புறம் 1959, 1960-இல் அலஸ்டேர் லாம்ப் என்கிற ஆய்வாளர் குழுவோடு வந்து, சரிந்து கிடந்த கற்களை அதது இருந்த இடம் பார்த்துத் திரும்ப அடுக்கினார். வேறு இடங்களில் தோண்டிய சில சண்டிகளையும் பெயர்த்துக் கொண்டுவந்து அருங்காட்சியக வளாகத்தில் அமைத்திருக்கிறார்கள்.

அங்கிருந்து கொஞ்ச தூரத்தில் சுங்கை பத்து. இரும்பு உருக்கிய உலை, காற்று ஊதிய களிமண் குழாய், படகுத்துறை எல்லாம் மண்ணுக்கடியிலிருந்து வந்திருக்கிறது. நம்ம குழுவில் பாதிப் பேர் பேக்டரி ஆட்கள். கடாரம் என்றால் போரும் ராஜாவும் மட்டும் இல்லை, நம்மைப் போல உலை முன்னால் வேர்த்து விறுவிறுத்து நின்ற ஆட்களும்தான் என்று நினைக்கும்போது எங்களுக்கு ஒரு தனி பாசம் வருது.

பேக்டரியில் வேலை பார்க்கிறவர்களுக்கு ஒன்று நல்லாத் தெரியும். மெஷினில் விபத்து நடந்தால் சூப்பர்வைசர் முதலில் என்ன செய்வார்? ஆளைக் காப்பாற்றினதும் அந்த இடத்தைச் சுற்றி டேப் கட்டுவார். ஒரு நட்டு கீழே கிடந்தாலும் எடுக்க விடமாட்டார். அந்த நட்டு எங்கே விழுந்து கிடக்குது என்பதுதான் சாட்சி. கையில் எடுத்துட்டா அது வெறும் நட்டு.

சண்டியும் அப்படித்தான். ஒரு செங்கல் எந்த அடுக்கில், எந்தத் திசையில், எதன் பக்கத்தில் கிடக்கிறது என்பதை வைத்துத்தான் அது எந்தக் காலம், என்ன கட்டடம் என்று ஆய்வாளர் சொல்ல முடியும். சாமி அறையில் வைக்கலாம் என்று ஒருத்தர் ஒரு துண்டை எடுத்து வந்தால், அவர் வீட்டுக்கு வந்தது ஒரு துண்டுக் கல்தான். அங்கே அழிந்தது ஒரு சாட்சி.

கற்பூரமும் எண்ணெயும் அதே மாதிரிதான். நம்ம கோயில் கருங்கல்லில் படிகிற எண்ணெயை நாமே மாதா மாதம் தேய்த்துக் கழுவுகிறோம். அங்கே அப்படிக் கழுவ முடியாது. பழைய செங்கல் எண்ணெயைக் குடித்துவிடும், குங்குமம் ஏறினால் கறை போகாது. புகை கருப்பாகப் படியும், பால் ஊற்றினால் எறும்பும் பூஞ்சையும் வரும். பக்தியோடு செய்தாலும் கல்லுக்குச் சேதம் சேதம்தான்.

இதைவிடப் பெரிய சேதமும் அங்கே நடந்திருக்கிறது. 2013 டிசம்பரில் பத்திரிகையில் வந்தது உங்களில் பலருக்கு ஞாபகம் இருக்கும். 11 என்று எண் போட்டுப் பதிவு செய்திருந்த சண்டியை, வீடமைப்புக்காக நிலம் திருத்தும்போது மண்வாரி இயந்திரம் வைத்துத் தரைமட்டமாக்கிவிட்டார்கள். 2005-இல் கொண்டு வந்த தேசிய மரபுடைமைச் சட்டம் அப்போது நடைமுறையில்தான் இருந்தது. ஆனால் அந்த இடத்தை அந்தச் சட்டத்தின் கீழ் அரசிதழில் அறிவிக்கவில்லை. ஆய்வாளர் புத்தகத்தில் எண் இருந்தது, மண்ணில் வேலி இல்லை. அன்றைக்கு மலாய்க்காரர், சீனர், இந்தியர் என்று எல்லா இனத்தாரும் குரல் கொடுத்தார்கள். அதை மறக்கக் கூடாது. இது நம்ம ஒரு சமயத்துக்கு மட்டும் உரிய சொத்து இல்லை, நாட்டுச் சொத்து. அங்கே போய் சூலம் நட்டு, சிவப்புத் துணி கட்டி உரிமை கொண்டாடினால் நாளைக்கு இன்னொருத்தர் இன்னொன்றைக் கட்டுவார். கடைசியில் சண்டைதான் மிஞ்சும்.

அடுத்தது காடு. பூஜாங் போய் வந்த பிறகு ஆண்டுக் கடைசிக்குள் தாமான் நெகாராவுக்கும் ஒரு பயணம் வைக்கச் சொல்லி இளைஞர் பிரிவு கேட்டிருக்கிறது. நல்ல யோசனை. பகாங், கிளந்தான், திரெங்கானு மூன்று மாநிலத்திலும் பரந்து கிடக்கிற 4,343 சதுர கிலோமீட்டர் காடு அது. 1930களின் கடைசியில் ஐந்தாம் ஜோர்ஜ் மன்னர் பெயரில் பாதுகாத்து, சுதந்திரத்துக்குப் பிறகு தாமான் நெகாரா என்று பெயர் மாற்றினார்கள். யானை, தாப்பிர், காட்டெருது, இருவாச்சி, புலி எல்லாம் வாழ்கிற இடம்.

புலி என்று சொன்னதும் போன மாதம் நடந்ததைச் சொல்லியாக வேண்டும். பக்தர் ஒருவர் அம்மனுக்குக் காணிக்கையாகத் தங்கச் சங்கிலி கொண்டு வந்தார். பதக்கத்தில் ஒரு புலி நகம். "தாத்தா காலத்து அசல்" என்றார். ரொம்ப நல்ல மனுஷர், வருஷா வருஷம் அன்னதானத்துக்கு அரிசி தருகிறவர். பொறுப்பாளர்கள் உட்கார்ந்து பேசி, ஏற்க முடியாது என்று சொல்லிவிட்டார்கள். அவருக்கு வருத்தம்தான். இரண்டு வெள்ளிக்கிழமை அவர் கோயிலுக்கு வரவில்லை.

அவர் கெட்டவர் என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் கணக்கைப் பாருங்கள். 1950களில் நம் நாட்டுக் காட்டில் சுமார் 3,000 புலி இருந்ததாகச் சொல்வார்கள். 2016 முதல் 2020 வரை நடத்திய முதல் தேசியக் கணக்கெடுப்பில் 150-க்கும் குறைவு என்று தெரிந்தது. நம்ம பஸ்ஸில் ஆளுக்கு நாலு புலி என்று கொடுத்தால் எல்லாருக்கும் வராது. அவ்வளவுதான் மிச்சம். காண்டாமிருகத்துக்கு என்ன ஆச்சு? 2019 நவம்பரில் சபாவில் இமான் என்கிற கடைசி சுமத்ரா காண்டாமிருகம் செத்தது. அதோடு மலேசியாவில் அந்த இனமே இல்லை.

புலியைப் பிடிப்பதற்குக் காட்டில் வைப்பது பெரும்பாலும் கம்பிக் கண்ணி. பேக்டரியில் நாம் பார்க்கிற கேபிள் கம்பி மாதிரிதான், மலிவு. அதற்குப் புலி எது, தாப்பிர் எது, யானைக்குட்டி எது என்று தெரியாது. எது கால் வைத்தாலும் இறுக்கும். ஊரில் நகத்துக்கு விலை இருக்கிற வரைக்கும் காட்டில் கண்ணி இருக்கும். போலி நகம்தானே என்று வாங்கினாலும் அந்த ஆசை தீராது, வியாபாரமும் ஓயாது. 2010-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி புலியின் உடலில் எந்தப் பாகத்தையும் அனுமதி இல்லாமல் வைத்திருப்பது குற்றம். 2022-இல் அந்தச் சட்டத்தை இன்னும் கடுமையாக்கியிருக்கிறார்கள். வீட்டில் பழையது இருந்தால் விற்காதீர்கள், யாருக்கும் கொடுக்காதீர்கள். பெர்ஹிலித்தான் அலுவலகத்தில் போய்க் கேளுங்கள், என்ன செய்ய வேண்டும் என்று சொல்வார்கள். புலி மேல் வரும் ஐயப்பனைக் கும்பிட்டுவிட்டு அதன் நகத்தைக் கழுத்தில் மாட்டுவது எந்தக் கணக்கில் சேரும்?

அந்தப் பக்தர் மூன்றாவது வெள்ளி வந்தார். வழக்கம்போல அரிசி மூட்டையோடு.

கோயிலில் தொண்டு என்றால் கை ஓயக் கூடாது. பாத்திரம் கழுவணும், பூ கட்டணும், தேர் இழுக்கணும். பழைய கட்டடத்திலும் காட்டிலும் தொண்டு வேற மாதிரி. கை கட்டி நிற்கணும். எடுக்காமல், தடவாமல், பற்ற வைக்காமல், இருந்ததை இருந்த மாதிரியே விட்டுவிட்டு வரணும். சும்மா நிற்பது போலத் தெரியும். தொண்டு செய்து பழகின கைக்கு அதுதான் ரொம்பக் கஷ்டம்.

குரல் பதிவு அனுப்பின அம்மாவுக்கு: நீங்கள் கேட்டது நியாயம்மா. விளக்கு ஏற்றுவோம். பஸ் கிளம்புவதற்கு முன்னால் நம்ம கோயிலில், கடாரத்தில் கும்பிட்டவர்கள், கல் செதுக்கினவர்கள், உலை ஊதினவர்கள் எல்லாரையும் நினைத்து 44 அகல் ஏற்றுவோம். முதல் அகல் உங்கள் கையால். வழியில் பஸ்ஸில் தேவாரம் பாடிக்கிட்டுப் போவோம். சண்டி முன்னால் ஐந்து நிமிஷம் பேசாமல் நிற்போம். சாமிக்கு அதுவும் கேட்கும்.

பஸ் அதிகாலை 4 மணிக்குக் கோயில் வாசலில் தயாராக இருக்கும். தொப்பி, தண்ணி பாட்டில், மழைச்சட்டை கொண்டு வாங்க. மேடை மேல் ஏற வேண்டாம், கல்லில் சாய்ந்து செல்பி வேண்டாம், பெயர் கிறுக்க வேண்டாம் என்று பிள்ளைகளுக்கு வீட்டிலேயே சொல்லிக் கூட்டி வாங்க. சாப்பாட்டுப் பொட்டலத்தின் குப்பை நம்ம பஸ்ஸிலேயே திரும்ப வரும். அதற்குப் பெரிய பையை நாங்கள் எடுத்து வருகிறோம்.

சந்தேகம் இருந்தால் கீழே கேளுங்க. ஷிப்ட் முடிந்ததும் பதில் போடுகிறோம்.

எல்லாரும் நல்லா இருக்கணும்.