மகனாக இருந்தால் அனுப்பியிருப்பீங்களா?

சென்ற வருஷம் பிளஸ் டூ முடித்த என் மகள், 'நீட்' தேர்வில் தேறினாள். ஆனால் அரசுக் கல்லூரியில் எம்.பி.பி.எஸ். கிடைக்கிற அளவுக்கு மார்க் இல்லை. தனியார் கல்லூரியில் நிர்வாக ஒதுக்கீடு என்பது எங்கள் சக்திக்கு அப்பாற்பட்டது. இந்தச் சமயத்தில்தான் ஓர் ஏஜெண்ட் எங்கள் வீட்டுக் கூடத்தில் வந்து உட்கார்ந்தார்.

"கிர்கிஸ்தான்லே ஆறே வருஷம். ஹாஸ்டல், சாப்பாடு எல்லாம் சேர்த்து முப்பது லட்சத்துக்குள்ளே பாப்பா டாக்டர் ஆயிடும்ங்க" என்றார்.

என் கை தானாகவே கழுத்துச் சங்கிலியைத் தொட்டுப் பார்த்தது. என் நகைகளும், அப்பா எனக்குக் கொடுத்த மனையும் போனால் பாதி தேறும். மீதிக்கு பாங்க் கடன்.

மகளுக்கு இன்னொரு வழியும் இருந்தது. கால்நடை மருத்துவப் படிப்பு. தமிழ்நாட்டில் மாநில ஒதுக்கீட்டு இடங்களுக்கு இதில் பிளஸ் டூ மார்க்தான் கணக்கு. அவளுக்கு நாமக்கல் கல்லூரியில் இடம் கிடைக்கும் போலிருந்தது.

மாமியார் ஒரே வார்த்தையில் முடித்து விட்டார். "பொட்டப் புள்ளையை அத்தனை தூரம் தனியா அனுப்பறதா?"

அன்று இரவு பாத்திரம் கழுவிக் கொண்டிருந்தபோது மகள் பக்கத்தில் வந்து நின்றாள். "அம்மா, நான் பையனா இருந்தா அனுப்பியிருப்பீங்களா?"

எனக்குப் பதில் வரவில்லை. குழாயைத் திறந்து விட்டு, தண்ணீர்ச் சத்தத்தில் ஒளிந்து கொண்டேன். தூக்கமே இல்லை.

மறுநாள் காலை ஒரு முடிவுக்கு வந்தேன். மகனுக்கானாலும் மகளுக்கானாலும் ஒரே கணக்குதான் போட வேண்டும். அதை அவள் எதிரிலேயே போட வேண்டும். இவரையும் உட்கார வைத்து, நோட்டுப் புத்தகத்தை எடுத்தேன்.

வெளிநாட்டில் படித்து இங்கே டாக்டராவதற்கு 2021-ல் தேசிய மருத்துவ ஆணையம் விதிகள் கொண்டு வந்தது. படிப்பு குறைந்தது 54 மாதம் நடக்க வேண்டும். ஆங்கிலத்தில் சொல்லித் தர வேண்டும். அதே கல்லூரியில் 12 மாதம் பயிற்சி. அந்த நாட்டிலும் டாக்டராகத் தொழில் செய்ய உரிமை கிடைக்கிற படிப்பாக இருக்க வேண்டும். திரும்பி வந்தால் 300 மார்க்குக்கு ஒரு தகுதித் தேர்வு. 150 வாங்கினால்தான் தேர்ச்சி. எழுதுகிறவர்களில் பாதிப் பேர் கூடத் தேறுவதில்லை. அதற்கும் பிறகு இங்கே ஒரு வருஷப் பயிற்சி. ஆக, ஒரே தடவையில் தேறினாலும் ஏழு வருஷத்துக்கு மேல்.

ஏஜெண்டுக்கு ஃபோன் செய்து, "54 மாசம்னு எழுத்திலே தருவாங்களா?" என்று கேட்டேன். "அதெல்லாம் பாத்துக்கலாம்ங்கம்மா" என்றார். நோயாளிகள் என்ன பாஷை பேசுவார்கள் என்றேன். "ரஷ்யன் தானா வந்துடும்ங்க!"

மேல் வீட்டு அக்காவின் மகன் உக்ரைனில் படித்தவன். 2022 பிப்ரவரியில் யுத்தம் தொடங்கியபோது, ரயிலிலும் நடந்தும் எல்லைக்கு வந்து சேர்ந்தான். அக்கா மகளிடம் நேராகவே சொன்னார்: "அவன் அப்புறம் வேற நாட்டுக்குப் போய்ப் படிச்சு முடிச்சிட்டான் கண்ணு. போக வேண்டாம்னு நான் சொல்லலை. ஆனா முதல் தடவையிலேயே தேறணும்ங்கற வைராக்கியம் இருந்தாத்தான் போகணும்."

மகள் ரொம்ப நேரம் நோட்டைப் பார்த்தாள். கால்நடை மருத்துவம், பயிற்சியோடு சேர்த்து ஐந்தரை வருஷம். கட்டணம் எங்கள் கைக்கு அடங்கியது. கடைசியில், "நான் நாமக்கல்லுக்கே போறேன்மா. உங்க நகைக்காக இல்லே. அந்தப் பரீட்சையிலே தேறாம வந்து நின்னா எனக்கே என்னைப் பிடிக்காமப் போயிடும்" என்றாள். அவள் கண் கலங்கியதை நான் பார்த்தேன். பார்க்காதது போல் இருந்து விட்டேன்.

பொங்கல் லீவில் வந்தவள், மாமனார் வீட்டுப் பசுவின் பல்லைப் பார்த்து வயசு சொன்னாள். "இது எனக்கே தெரியுமே! இதுக்கா காலேஜு?" என்று தாத்தா சிரித்தார். அவளும் சிரித்தாள். ஆனால் இப்போதும் பஸ்ஸில் வெள்ளைக் கோட்டைக் கையில் மடித்து வைத்திருக்கும் பெண்ணைக் கண்டால், ஒரு நிமிஷம் பேச்சை நிறுத்தி விடுகிறாள்.

சகோதரிகளே, அனுப்புங்கள் என்றோ அனுப்பாதீர்கள் என்றோ சொல்ல எனக்குத் தகுதியில்லை. நகையைக் கழற்றுவதற்கு முன்னால், ஏஜெண்டின் வாய் வார்த்தையை விட்டு விட்டு விதிகளைப் படியுங்கள். கணக்கைப் பிள்ளையின் எதிரிலேயே போடுங்கள். மகளானால், மகனுக்குப் போடுகிற கணக்கையே போடுங்கள். அப்போதுதான் அவள் கேட்கிற கேள்விக்கு, குழாயைத் திறந்து விடாமல் நம்மால் பதில் சொல்ல முடியும்.