இரண்டு ஆஷ் மரங்களும் நம்ம பிளேஸ்மென்ட்டும்

ஆஷ் என்றதும் சாம்பல் ஞாபகம் வருதா? இது அது இல்லை. வட அமெரிக்காவில் வளரும் மரம். பேஸ்பால் மட்டை, சுத்தியல் பிடி எல்லாம் காலம்காலமா இதில் தான் செய்தாங்க. ஓங்கி அடிக்கும்போது வரும் அதிர்ச்சியைத் தாங்கும். மெட்டீரியல்ஸ் பேப்பருக்குப் படிச்சப்போ தான் எனக்கு இது அறிமுகம்.

இதில் முக்கியமானவை இரண்டு: வெள்ளை ஆஷ், பச்சை ஆஷ். தூரத்திலிருந்து பார்த்தால் ட்வின்ஸ் மாதிரி. வித்தியாசம் தெரியணும்னா இலை உதிர்ந்த குச்சியைக் கையில் எடுக்கணும். இலை இருந்த இடத்தில் ஒரு தழும்பு இருக்கும். வெள்ளை ஆஷில் அதன் மேல் விளிம்பு பிறை மாதிரி உள்வாங்கியிருக்கும். மொட்டு அந்தக் குழிவில் உட்கார்ந்திருக்கும். பச்சை ஆஷில் விளிம்பு நேராக இருக்கும். மொட்டு அதற்கு மேலே. வெள்ளை ஆஷ் இலையின் அடிப்பக்கம் வெளுத்திருக்கும். பச்சை ஆஷ் ஆற்றங்கரையின் ஈர மண்ணிலும் நிற்கும். வெள்ளை ஆஷுக்கு நீர் வடியும் மேட்டு நிலம் வேணும்.

மர வியாபாரத்தில் இந்தக் கணக்கெல்லாம் கிடையாது. பெரும்பாலும் இரண்டும் 'வெள்ளை ஆஷ்' என்ற ஒரே பேரில் தான் போகும்.

அமெரிக்க நகரங்களில் தெருவோர எல்ம் மரங்கள் நோயில் செத்ததும், அந்த இடத்தில் வரிசையா ஆஷ் நட்டாங்க. 2002-ல் டெட்ராய்ட் பக்கம், ஆசியாவிலிருந்து வந்த ஒரு மரகதப் பச்சை வண்டு கண்டுபிடிக்கப்பட்டது. அதன் புழு பட்டைக்கு அடியில் சுரங்கம் போட்டு, சத்து போகும் பாதையை அறுத்துடும். வெள்ளையா பச்சையான்னு அது பார்க்கலை. கோடிக்கணக்கான மரங்கள் போச்சு.

இப்போ நம்ம கிளாஸைப் பாருங்க. மெக்கானிக்கல், சிவில், ஈஈஈ, யாரா இருந்தாலும் ஒரே கோடிங் கோர்ஸ், ஒரே மாதிரி ரெஸ்யூமே. கம்பெனிக்கும் நாம எல்லாரும் ஒரே பேர் தான்: 'ஃப்ரெஷர்'. ஒரு வருஷம் ஐடி ஆள் எடுக்கலைன்னா, மொத்த வரிசையும் சாயும். "எல்லாரும் போற வழியிலயே போடா"ன்னு அப்பா சொல்றார். கல்விக் கடன் இருக்கு, அவர் பயம் நியாயம் தான். கோடிங்கை நானும் விடலை. ஆனா சனிக்கிழமை மட்டும் சிஎன்சி லேப்புக்குன்னு ஒதுக்கிட்டேன்.

அந்த வண்டு வந்த காடுகளில் ஒன்றிரண்டு ஆஷ் மரங்கள் மட்டும் பிழைச்சு நிற்குது. ஏன்னு ஆராய்ந்து, அதிலிருந்து புதுக் கன்றுகள் வளர்க்கறாங்க.

உங்க சனிக்கிழமை எதுக்கு?