காவல் காசு

பெங்களூரிலிருந்து கிருஷ்ணகிரிக்குக் காரில் வந்திருக்கிறீர்களா? அத்திப்பள்ளியில் ஒரு டோல். ஜூஜூவாடி தாண்டினால் தமிழ்நாடு. ஓசூரைக் கடந்து தென்பெண்ணைப் பாலத்தில் ஏறி இறங்கி இன்னும் கொஞ்ச தூரம் வந்தால், ரோட்டோரமாக ஒரு பாறை மலை எழுந்து நிற்கும். உச்சியில் கோட்டைச் சுவரின் மிச்சம். அடியில் ஊர். சூளகிரி. முக்கால்வாசிப் பேர் அதைத் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. காரணம், மனசு அடுத்த டோலில் இருக்கும். ஃபாஸ்டேக்கில் பேலன்ஸ் இருக்கிறதா, இல்லையா?

இந்தக் கால மாயாஜாலப் படங்களிலும் வீடியோ கேம்களிலும் தவறாமல் வரும் ஊர் ஒன்று உண்டு. மலைமேல் பிரபுவின் மாளிகை, கீழே அவருடைய குடியானவர்களின் கிராமம், ஆற்றின் மேல் பாலம், பாலத்து வாசலில் ஈட்டியோடு ஒரு தடியன். காசு கொடுத்தால் வழி, இல்லாவிட்டால் திரும்பிப் போ. இதையெல்லாம் ஏதோ ஐரோப்பியக் கற்பனை என்று பிள்ளைகள் நினைத்துக்கொள்கிறார்கள். நம்மூர்க்காரர்களுக்குச் சூளகிரியைக் காட்டினால் போதும். டிராகன் ஒன்றுதான் பாக்கி.

சூளகிரி, பாகலூர், பேரிகை எல்லாம் பாளையங்கள். பாளையக்காரர் என்றதும் நமக்குக் கட்டபொம்மனும் சிவாஜி கணேசனும் ஞாபகத்துக்கு வந்துவிடுகிறார்கள். வசனத்தைக் கொஞ்சம் ஒதுக்கி வைத்துவிட்டு, கணக்குப் புஸ்தகத்தைப் பிரிப்போம். (நான் பி.காம். படித்தவன். எதைப் பார்த்தாலும் 'இதில் பற்று எது, வரவு எது' என்று தேடுகிற வியாதி இன்னும் போகவில்லை.)

பாளையக்காரருக்கு வரவு பல வழியில். நிலத்திலிருந்து வரி ஒன்று. தன் எல்லைக்குள் சரக்கோடு போகிற வியாபாரியிடம் சுங்கம் ஒன்று. அப்புறம் 'காவல்' என்று ஒரு காசு. ஊருக்குள் ஸ்தலக்காவல், ஊரைத் தாண்டிய வழிக்கும் சுற்று வட்டாரத்துக்கும் தேசக்காவல். சில சமயம் அது காவலா, மிரட்டலா என்றே சொல்ல முடியாது. 'கொடுக்காவிட்டால் திருடு போகும்' என்பதில் இரண்டு அர்த்தம் உண்டு இல்லையா? அவர்களைத் தியாகச் செம்மல்களாக்கும் உத்தேசம் எனக்கு இல்லை.

ஆனால் பற்றுப் பக்கத்தில் ஒரு சமாசாரம் இருக்கிறது. தமிழ்நாட்டின் காவல் வழக்கப்படி, காவல் காசு வாங்கியவரின் எல்லைக்குள் ஒரு பொருள் திருடு போனால் அவர்தான் கண்டுபிடித்துத் தர வேண்டும். கிடைக்காவிட்டால் தன் கையிலிருந்து ஈடு கட்ட வேண்டும். எல்லாரும் யோக்கியமாகக் கட்டினார்களா என்பது வேறு விஷயம். ஆனால் யாரைப் போய்க் கேட்பது என்பது எல்லாருக்கும் தெரியும். மலையைக் காட்டினால் போதும். அங்கே ஒருத்தர் உட்கார்ந்திருக்கிறார்.

சீமையில் இந்தக் கதையின் உயிருள்ள சாட்சி ஒன்று இன்னும் இருக்கிறது. ஆக்ஸ்ஃபோர்டுக்குப் பக்கத்தில் ஐன்ஷம் என்ற ஊர். அங்கே தேம்ஸ் நதி மேல் ஸ்வின்ஃபோர்டு பாலம். அந்தப் பகுதியின் பிரபுவான ஆபிங்டன் கோமான், 1767ல் பார்லிமென்ட்டில் ஒரு சட்டமே போட வைத்து, 1769ல் பாலத்தைத் திறந்தார். சட்டத்தில் எழுதியது என்ன தெரியுமா? வசூலுக்கு வரி கிடையாது. ஆற்றில் மேலும் கீழும் மூன்று மைலுக்கு வேறு யாரும் பாலம் கட்டக் கூடாது. அந்த உரிமை கை மாறிக் கை மாறி, 2009ல் ஏலத்துக்கு வந்து 10 லட்சத்து 80 ஆயிரம் பவுனுக்குப் போனது. காருக்கு வாங்கும் காசு? ஐந்து பென்ஸ். அதை வாங்க ஒரு ஆள் நிற்கிறார். அந்தச் சில்லறைக்காகக் காலையும் மாலையும் டிராஃபிக் ஜாம். ஐன்ஷம்காரர்கள் திட்டுகிறார்கள். ஆனால் பாலத்தில் ஒரு கல் பெயர்ந்தால் யாரைப் பிடிப்பது என்று அவர்களுக்குத் தெரியும். வாங்குபவர் ஒருவர்தான்.

சரி, தேம்ஸிலிருந்து தென்பெண்ணைக்கு வருவோம்.

1792ல் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையில் திப்பு சுல்தான் பாராமகாலைக் கம்பெனிக்குக் கொடுத்தார். கிருஷ்ணகிரி கம்பெனி கைக்குப் போனது. ஓசூர்ப் பக்கம் திப்புவிடமே இருந்தது. அடுத்த ஏழு வருஷம் இந்த நெடுஞ்சாலைப் பிரதேசம் இரண்டு ராஜாங்கங்களின் எல்லை. 1799 மார்ச்சில் ஜெனரல் ஹாரிஸின் படை ராயக்கோட்டைப் பக்கமிருந்துதான் மைசூருக்குள் நுழைந்தது. திப்பு போன பிறகு ஓசூரும் கம்பெனிக்கு.

அந்த ஏழு வருஷத்தில் கேப்டன் அலெக்ஸாண்டர் ரீடும் அவருடைய உதவியாளராக இருந்த தாமஸ் மன்றோவும் பாராமகாலில் வயல் வயலாக அளந்தார்கள். நடுவில் ஜமீன்தார் வேண்டாம், உழுகிறவனிடம் நேராக வரி வாங்குவோம் என்ற ரயத்துவாரி யோசனை பெரும்பாலும் இந்த மண்ணில்தான் முளைத்தது. மன்றோ பிற்பாடு சென்னை கவர்னராகி, தீவுத்திடலில் குதிரை மேல் இன்றும் சேணம் இல்லாமல் உட்கார்ந்திருக்கிறார்.

ஆனால் கம்பெனி மேலிடத்துக்குப் பொறுமை இல்லை. வருஷா வருஷம் ஆயிரக்கணக்கான விவசாயியிடம் கணக்குப் பார்ப்பது தலைவலி. மொத்தமாக ஒருத்தன் கட்டினால் தேவலை. எனவே 1802ஐ ஒட்டிய வருஷங்களில் சேலம் ஜில்லாவைத் துண்டு துண்டாக்கி 'மிட்டா' என்று பெயர் வைத்து ஏலம் போட்டார்கள். எடுத்தவர் மிட்டாதார். சர்க்காருக்கு அவர் கட்டுவது நிரந்தரமாக ஒரே தொகை, பேஷ்குஷ். குடியானவனிடம் அவர் வசூலிப்பது அவர் சாமர்த்தியம். பல பேர் ஆசையில் அதிகமாகக் கேட்டுவிட்டு, கட்ட முடியாமல் மிட்டாவையே இழந்தார்கள். 1948ல் ஜமீன் ஒழிப்புச் சட்டம் வருகிற வரை மிச்சம் மீதி ஓடியது.

இப்போது கொஞ்சம் உங்கள் கற்பனையைத் தட்டிவிடுங்கள். 'மிட்டா' என்ற இடத்தில் 'ரோடு' என்று போட்டுப் பாருங்கள். 2018ல் ஆந்திரா, குஜராத்தில் இருக்கும் ஒன்பது தேசிய நெடுஞ்சாலைத் துண்டுகளை, சுமார் 680 கிலோமீட்டர், 30 வருஷ வசூல் உரிமையோடு மக்வாரி என்ற ஆஸ்திரேலியக் கம்பெனி எடுத்தது. தொகை 9,681 கோடி ரூபாய். மொத்தமாகக் கட்டிவிடு, பிறகு வசூலித்துக்கொள். மிட்டா ஏலக்காரர் எழுந்து வந்தால் புரிந்துகொள்ள ஐந்து நிமிஷம் ஆகாது. இதைத் தப்பென்று சொல்லவில்லை. ரோடு போடப் பணம் எங்கிருந்தாவது வந்தாக வேண்டும். நான்கு வழிச்சாலை வருவதற்கு முன் மேலுமலை இறக்கத்தில் லாரிக்குப் பின்னால் ஊர்ந்த யாரும் டோலை முழுசாகத் திட்ட மாட்டார்கள். என் கேள்வி பற்றுப் பக்கத்தைப் பற்றியது.

சூளகிரி கொத்தமல்லிக்குப் பேர் போன ஊர். சந்தைப் பக்கம் போனால் வாசனையிலேயே பாதி சாம்பார் வைத்துவிடலாம். அங்கே ஒரு பெரியவரிடம் பேச்சுக் கொடுத்தேன். எழுபதைத் தாண்டியவர். வீட்டில் தெலுங்கு, என்னிடம் தமிழ், நடுவில் வந்த பெங்களூர் வியாபாரியிடம் கன்னடம். கொத்தமல்லிக் கட்டுகளை டிவிஎஸ் எக்ஸெல்லில் அடுக்கிக் கொண்டுவந்திருந்தார். (அந்த வண்டியின் பாட்டன் டிவிஎஸ் 50, 1980ல் இதே ஓசூரில் பிறந்தது. டூவீலருக்கு டோல் கிடையாது என்பதால் இந்தப் பகுதியில் அது கிட்டத்தட்ட ஒரு விடுதலைப் போராட்ட வாகனம்.) மகன் குட்டி யானை ஓட்டுகிறாராம். அதற்கு டோல் உண்டு.

"உங்க ஊர்ல ஜமீன் காலத்து ஞாபகம் யாருக்காவது இருக்கா ஐயா?" என்று கேட்டேன்.

"எங்க தாத்தா சொல்லுவாரு சார். மாடு காணாமப் போச்சுன்னா காவக்காரன்தான் தேடணும். கெடைக்கலைன்னா அவன்தான் தண்டம் கட்டணும். அடிக்கிற அடியும் அவன்தான் அடிப்பான், அது வேற" என்றார். பிறகு கட்டை அவிழ்த்துக்கொண்டே, "எம் மாட்ட போன வருஷம் ரோட்டுல ஒரு வண்டி அடிச்சிட்டுப் போயிருச்சு சார். சென மாடு" என்றார்.

நிலம் ரோட்டுக்கு அந்தப் பக்கம், வீடு இந்தப் பக்கம். ஊரின் நடுவே ஆறு வழிச்சாலை. மாட்டுக்கு யூ-டர்ன் தெரியாது. அவருக்குத் தெரியும். ஆனால் மாட்டை ஓட்டிக்கொண்டு அவ்வளவு தூரம் சுற்றுவதற்குள் பொழுது போய்விடும். அதனால் எல்லாரும் செய்வதைத்தான் அவரும் செய்தார். அடித்த வண்டி நிற்கவில்லை. ஒரு ஆபீஸில் கேட்டால் அடுத்த ஆபீஸ், அங்கே கேட்டால் 'ரோட்டில் மாடு விட்டது உன் தப்பு', வேறோர் இடத்தில் 'சார் லீவு'. எந்த ஆபீஸ், எந்த சார் என்பதெல்லாம் இங்கே வேண்டாம். அவருக்கே சரியாகச் சொல்லத் தெரியவில்லை. அதுதான் விஷயம்.

"யார் கிட்ட கேக்கறதுன்னே தெரியல சார்" என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை.

அவருக்குச் சட்டத்தில் ஒன்றுமே இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். 2008ஆம் வருஷத்து தேசிய நெடுஞ்சாலைக் கட்டண விதிகளைப் படித்துப் பார்த்தால் சுவாரசியமான சங்கதிகள் அகப்படுகின்றன. டோலிலிருந்து 20 கிலோமீட்டருக்குள் குடியிருப்பவருடைய சொந்த உபயோகக் காருக்குச் சலுகை மாதப் பாஸ் உண்டு. ஆனால் சர்வீஸ் ரோடோ மாற்றுப் பாதையோ இருந்தால் கிடையாது. குட்டி யானை வியாபார வண்டி, அதற்கு வேறு கணக்கு. 2025 ஆகஸ்ட் 15ல் வந்த 3,000 ரூபாய் வருஷப் பாஸும் சொந்த உபயோக வண்டிகளுக்குத்தான். அப்புறம் பாலம்! பழைய காலத்து ஆற்றங்கரைப் பிரபு எங்கும் போய்விடவில்லை. பாலம், மேம்பாலம், சுரங்கம் இருந்தால் அதன் நீளத்தைப் பத்து மடங்காக வைத்துத்தான் கட்டணம் போட்டுக்கொண்டிருந்தார்கள். ஒரு கிலோமீட்டர் பாலம், பில்லில் பத்து கிலோமீட்டர் ரோடு. 2025 ஜூலையில்தான் இதற்கு ஒரு உச்சவரம்பு வைத்து, பாலம் அதிகமுள்ள இடங்களில் குறைத்தார்கள்.

நம் நாட்டு ராஜாக்களில் குலோத்துங்கனுக்குச் 'சுங்கம் தவிர்த்த சோழன்' என்றே பட்டம். சுங்கத்தை நீக்கினால் ஜனங்கள் ஆயிரம் வருஷம் ஞாபகம் வைத்திருப்பார்கள் என்பதற்கு அத்தாட்சி. வெள்ளைக்காரன்கூட 1844ல் சென்னை ராஜதானியின் உள்நாட்டுச் சுங்கமான 'சாயர்' வரியை எடுத்தான். 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்தபோது எல்லை வணிகவரிச் சோதனைச் சாவடிகள் போயின. ஜூஜூவாடியில் லாரிகள் மணிக்கணக்கில் கிடந்ததைப் பார்த்தவர்கள் அதைச் சின்ன விஷயமாகச் சொல்ல மாட்டார்கள். ஆக, சாவடிகள் வரும், போகும். வாங்கினவனுக்கு என்ன கடமை என்பதுதான் ஒவ்வொரு தடவையும் எங்கேயோ நழுவிவிடுகிறது.

முன்பெல்லாம் டோலில் ஒரு கை நீளும், ஒரு ரசீது வரும். தேதி, நேரம், தொகை. எங்கள் காலேஜில் 'வவுச்சர்' பற்றி ஒரு முழு வாரம் நடத்தினார்கள். பணம் கை மாறியதற்குச் சாட்சியான காகிதம் அது. 2021 பிப்ரவரியில் ஃபாஸ்டேக் கட்டாயமானதும் கையும் போய், காகிதமும் போய், செல்போனில் 'டிங்' என்று ஒரு சத்தம். வசதிதான், நான் மறுக்கவில்லை. சில்லறைக்குப் பதில் மிட்டாய் வாங்கிய காலம் போனது நல்லதே. ஆனால் யாரிடம் கொடுத்தோம் என்று கேட்டால், கண்ணாடியில் ஒட்டிய ஸ்டிக்கரைத்தான் காட்ட வேண்டும்.

பக்கத்து மாநிலத்தில் ஒரு கோர்ட் இந்தப் பற்றுப் பக்கத்தைப் புரட்டிப் பார்த்தது. திருச்சூருக்குப் பக்கத்தில் பாலியேக்கரா டோல். சாலை கெட்டுப்போய், மணிக்கணக்கில் நெரிசல். 2025 ஆகஸ்ட் 6ல் கேரள ஹைகோர்ட் வசூலையே நான்கு வாரம் நிறுத்தச் சொன்னது. நெடுஞ்சாலை ஆணையம் சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனது. அங்கேயும் அதே மாதம் அப்பீல் தள்ளுபடி. ஏற்கெனவே வரி கட்டிய ஜனங்கள் குழியில் விழுந்து எழ மேலும் பணம் கொடுக்க வேண்டியதில்லை என்பது தீர்ப்பின் சாரம். அக்டோபரில்தான் பழைய ரேட்டிலேயே மறுபடி வசூலிக்க விட்டார்கள். பாளையக்காரர் காலத்து நியாயம்தான். காவல் இல்லையா, காசு இல்லை.

தேசிய நெடுஞ்சாலையில் எங்கே விபத்து நடந்தாலும் 1033க்குப் போன் செய்யலாம். ஆம்புலன்ஸ், கிரேன், ரோந்து வண்டி வர வேண்டும். நாம் கொடுக்கிற டோலுக்குள் அதுவும் சேர்த்தி. ரோட்டோரப் பலகையில் எழுதியிருக்கும். நூறு கிலோமீட்டர் வேகத்தில் போகிறவன் கண்ணில் படும்படி.

பெரியவருக்கு அதைச் சொன்னேன். சட்டைப் பையிலிருந்து பட்டன் போனை எடுத்து என்னிடமே கொடுத்து, பதியச் சொன்னார். என்ன பேர் போடுவது என்று கேட்டதற்குக் கொஞ்சம் யோசித்து, "ரோட்டுக்காரன்னு போடுங்க" என்றார். போட்டுக் கொடுத்தேன். கட்டுகளை எண்ணி முடித்து வண்டியைத் திருப்பியவர், ஒரு காலைத் தரையில் ஊன்றி நின்று கேட்டார்:

"மாட்டுக்கும் வருவாங்களா சார்?"