செவ்வாயும் வியாழனும் திறக்கும் கதவு

எடின்பரோவிலிருந்து நார்த் பெரிக் போகும் ரயிலில் ஏறி, டிரெம் என்கிற சின்ன ஸ்டேஷனில் இறங்கி, அங்கிருந்து ஐந்து கிலோமீட்டர் போனால் கல்லன் என்ற கடலோர ஊர். ஊரின் கிழக்குக் கோடியில் பெரிய சாலையிலிருந்து பிரியும் ஒரு அமைதியான தெரு, ஓர் இரும்புக் கேட்டில் போய் முடிகிறது. அதற்கு அப்பால்தான் மியூர்ஃபீல்ட். கோல்ஃபின் ஓபன் சாம்பியன்ஷிப் 16 முறை நடந்த மைதானம் என்று பறைசாற்றும் அலங்கார வளைவு எதுவும் கிடையாது. முதல் தடவை போகிறவர்களுக்கு, யாரோ ஒருவர் வீட்டு வாசலில் தவறுதலாக வந்து நிற்கிறோமோ என்ற கூச்சம் வரும். அந்தக் கூச்சம் ஒரேயடியாகப் பொய்யும் அல்ல. தனியார் கிளப் என்பது பல பேர் சேர்ந்து வைத்திருக்கும் வீடுதானே.

இந்த வீட்டுக்காரர்களின் பெயர் நீளமானது: எடின்பரோ கோல்ஃப் ஆட்டக்காரர்களின் மாண்புமிகு கழகம். வெளியார் ஆட வாரத்தில் இரண்டு நாள், செவ்வாயும் வியாழனும் என்பது நெடுங்கால ஏற்பாடு. பல மாதம் முன்பே பதிவு செய்ய வேண்டும். ஹேண்டிகேப் சான்றிதழ் காட்ட வேண்டும். அதாவது, ஓரளவுக்காவது ஆடத் தெரிந்தவர் என்பதற்கு அத்தாட்சி. கட்டணம் பல நூறு பவுண்டு. ஆனாலும் மற்ற நாட்டுப் புகழ்பெற்ற கிளப்புகளைப் பார்த்தவர்கள் இதையே தாராளம் என்பார்கள். அமெரிக்காவின் அகஸ்டா நேஷனலில் எவ்வளவு பணம் வைத்திருந்தாலும் உறுப்பினர் ஒருவர் அழைக்காமல் ஆட முடியாது. இங்கே முன்பதிவும் கொஞ்சம் பொறுமையும் இருந்தால் போதும்.

இந்தக் கழகத்தின் வரலாறே வெளியாரை எதிர்பார்த்துத்தான் தொடங்குகிறது என்பது பலருக்குத் தெரியாது. 1744-இல் எடின்பரோ நகராட்சி ஒரு வெள்ளி மட்டையைப் பரிசாக அறிவித்தது. போட்டி லீத் துறைமுகத்தை ஒட்டிய புல்வெளியில். பிரிட்டன், அயர்லாந்தின் எந்தப் பகுதிக் கனவானும் கலந்துகொள்ளலாம் என்றார்கள். தினமும் தங்களுக்குள் ஆடுகிறவர்களுக்கு எழுதிவைத்த சட்டம் எதற்கு? தகராறு வந்தால் அங்கேயே பேசித் தீர்த்துக்கொள்வார்கள். முன்பின் தெரியாதவர்கள் வரப்போகிறார்கள் என்றதும்தான் காகிதமும் மையும் தேவைப்பட்டன. அப்படி எழுதப்பட்ட 13 விதிகளே இன்று கிடைக்கும் மிகப் பழைய கோல்ஃப் விதிகள். மனிதர், குதிரை, நாய் எது பந்தைத் தடுத்தாலும் அது நின்ற இடத்திலிருந்தே ஆட வேண்டும் என்பது அவற்றில் ஒன்று. லீத் பொது நிலம். துணி உலர்த்துகிறவர்களும் வேடிக்கை பார்க்கிறவர்களும் குறுக்கே வந்துகொண்டேதான் இருந்திருப்பார்கள். எல்லோரையும் அழைத்தும், ஆட வந்தவர்கள் உள்ளூர்க்காரர்களே.

வென்றவர் ஜான் ராட்ரே என்ற அறுவை மருத்துவர். அந்த விதிகளில் கையெழுத்திட்டவரும் அவர்தான். மறு ஆண்டும் அவரே வென்றார். அதற்குள் நாட்டில் கலகம். பட்டத்துக்கு உரிமை கோரி வந்த இளவரசர் சார்லஸின் படையில் மருத்துவராகச் சேர்ந்த ராட்ரே, 1746-இல் கல்லோடன் போர்க்களத்தில் தோற்றவர்கள் பக்கம் நின்று பிடிபட்டார். தூக்குக்கயிறு காத்திருந்த நேரம். ஸ்காட்லாந்தின் தலைமை நீதிபதி டங்கன் ஃபோர்ப்ஸ் பரிந்து பேச, உயிர் தப்பினார். ஃபோர்ப்ஸ் அரசர் பக்கத்து ஆள்; ஆனால் லீத்தில் ராட்ரேயோடு கோல்ஃப் ஆடியவர். கிளப் உறுப்பினர் என்பதால் மனிதருக்குக் கிடைத்த சலுகைகளில் இதைவிடப் பெரியது இன்னொன்று இருக்குமா என்பது சந்தேகம்.

உலகிலேயே பழைய கோல்ஃப் கிளப் எது என்ற சண்டை எடின்பரோவில் இன்றும் ஓயவில்லை. ராயல் பர்ஜஸ் கிளப் தன் பிறப்பு 1735 என்கிறது. கையில் ஆவணம் இருக்கிறது என்பது மாண்புமிகு கழகத்தின் பலம். லீத்தில் கூட்டம் பெருகியதும் கழகம் 1836-இல் மஸ்ஸல்பரோவுக்கு நகர்ந்தது. அங்கேயும் நெருக்கடி வந்தபோது 1891-இல் மியூர்ஃபீல்டில் சொந்த மைதானம் அமைத்துக்கொண்டது. வரைந்து கொடுத்தவர் ஓல்டு டாம் மாரிஸ். மறு ஆண்டே ஓபன் போட்டியையும் கையோடு கொண்டுவந்தது. மஸ்ஸல்பரோக்காரர்களுக்கு ஆத்திரம் தாங்கவில்லை. போட்டிக்குப் போட்டியாக அதிகப் பரிசுப் பணத்தோடு தனிப் பந்தயமே நடத்தினார்கள். ஆக, இரண்டு முறையும் கழகத்தைத் துரத்தியது பொது நிலத்தின் நெரிசல்தான். இரும்புக் கேட் எங்கிருந்து வந்தது என்பதற்கு வேறு விளக்கம் தேவையில்லை.

காலை ஆட்டம் அவரவர் பந்தை அவரவர் அடிப்பது. நடந்தே ஆடுவது வழக்கம். மட்டைப் பை சுமக்கும் கேடி கிடைத்தால் அமர்த்திக்கொள்வது நல்லது. எங்கே அடிக்க வேண்டும் என்பதைவிட எங்கே அடிக்கக் கூடாது என்று சொல்ல ஓர் ஆள் வேண்டும். கடலோரப் பழைய மைதானங்கள் பெரும்பாலும் நேராகப் போய்த் திரும்பி வருகிறவை. செயின்ட் ஆண்ட்ரூஸ் அப்படித்தான். போகும்போது எதிர்க்காற்று என்றால் வரும்போது முதுகுக்காற்று என்று மனது கணக்குப் போட்டுக்கொள்ளும். மியூர்ஃபீல்டில் அந்தக் கணக்கு பலிக்காது. முதல் ஒன்பது குழிகள் வெளிவட்டமாகக் கடிகார முள் திசையில் சுற்றுகின்றன. அடுத்த ஒன்பது அதற்கு உள்ளே எதிர்த்திசையில். 1920-களில் ஹாரி கோல்ட் மாற்றியமைத்த பிறகு வந்த வடிவம் இது. ஒரே திசையில் தொடர்ந்து மூன்று குழிகளுக்கு மேல் வராது. காற்று ஒரு பக்கம் நிலையாக அடித்தாலும் ஆடுகிறவருக்கு அது நாலு பக்கமும் அடிக்கிறது.

குளம் இல்லை, ஓடை இல்லை, ஓரத்தில் ஒரு காட்டைத் தவிர மரமும் இல்லை. எல்லாம் கண்ணுக்கு நேரே தெரிகிறது. மியூர்ஃபீல்ட் நேர்மையான மைதானம் என்று பெரிய ஆட்டக்காரர்கள் சொல்வது இதனால்தான். 1966-இல் இங்கே வென்ற ஜாக் நிக்லஸ், பின்னால் ஒஹையோவில் தானே அமைத்த மைதானத்துக்கு மியூர்ஃபீல்ட் வில்லேஜ் என்று பெயர் வைத்தார்.

நேர்மை என்றால் கருணை என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். சுமார் 150 பங்கர்கள் இருக்கின்றன. புல்லோடு வெட்டியெடுத்த மண்கட்டிகளைச் செங்கல் வரிசை மாதிரி ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, செங்குத்துச் சுவராக நிறுத்திய மணல்குழிகள். சுற்றியுள்ள தரை லேசாக அவற்றை நோக்கிச் சரிகிறது. பந்து குழியைத் தொடாமல் போய்விட்டது என்று மூச்சு விடும் நேரத்தில் மெதுவாகத் திரும்பி உள்ளே உருளும். சுவரை ஒட்டி நின்றுவிட்டால் முன்னே அடிக்க வழியில்லை. பக்கவாட்டில், சில சமயம் பின்பக்கமாகவே வெளியே எடுக்க வேண்டும். 2002 ஓபன் கடைசி நாளில் 13-ஆவது குழியில் எர்னி எல்ஸ் அப்படி மாட்டிக்கொண்டார். ஒரு காலை வெளியே ஊன்றிக்கொண்டு அவர் தூக்கி அடித்த பந்து கொடிக்குப் பக்கத்தில் போய் நின்றது. கோப்பையும் கடைசியில் அவருக்கே. அதே வாரம் சனிக்கிழமை புயல்மழையில் டைகர் வுட்ஸ் 81 அடித்தார். விருந்தினராகப் போய் 100-ஐத் தாண்டுகிறவர்கள் இதை நினைத்து ஆறுதல் அடையலாம்.

மியூர்ஃபீல்டுக்குப் போய்வந்தவர்களிடம் கேட்டால் பாதிப் பேர் முதலில் பேசுவது சாப்பாட்டைப் பற்றி. காலை ஆட்டம் முடிந்ததும் குளித்து, கோட்டும் டையும் அணிந்து சாப்பாட்டு அறைக்குப் போக வேண்டும் என்பது முறை. டை மறந்தவர் பாடு திண்டாட்டம். தமிழ்நாட்டு வாசகருக்கு இந்த இடத்தில் 2014 நினைவுக்கு வரும்: வேட்டி கட்டி வந்த உயர் நீதிமன்ற நீதிபதியைச் சென்னையில் ஒரு கிளப் திருப்பி அனுப்ப, அரசு சட்டமே போட்டது. அங்கே அந்நிய உடை ஒன்றைச் சொந்த உடைக்கு மேலே வைத்தார்கள், அது அவமானம். இங்கே அது அவர்கள் ஊர்ச் சட்டை. இருந்தாலும் காற்றில் அல்லாடிவிட்டு வந்து கழுத்தை இறுக்கிக்கொள்வது யாருக்கும் இயல்பாக இருக்காது.

கண் எதிரே பெரிய வறுத்த இறைச்சித் துண்டை வைத்து, கேட்கிற கனத்தில் அரிந்து தட்டில் வைக்கிறார்கள். உருளைக்கிழங்கு, காய், அதற்குமேல் குழம்பு. இன்னொரு துண்டு வேண்டும் என்றால் யாரும் முகம் சுளிப்பதில்லை. பிறகு இனிப்பு, பிறகு சீஸ். காலையில் எத்தனை அடித்தோம் என்ற பேச்சு இறைச்சி தீர்வதற்குள் தீர்ந்துபோகிறது. கடைசியில் சின்னக் கண்ணாடிக் கிளாஸில் கும்மல் வரும். சீமைச் சீரகம் போட்ட இனிப்பு மது. கல்யாணப் பந்தியில் சாப்பிட்டு எழுந்ததும் ஒரு கை சோம்பு எடுத்து வாயில் போட்டுக்கொள்கிறவருக்கு இதன் தர்க்கம் உடனே பிடிபடும். பிற்பகலில் பந்தைக் குழிக்குள் தள்ளும்போது கை நடுங்காமல் இருக்க இதுவே மருந்து என்பது ஸ்காட்லாந்து கிளப்புகளின் நம்பிக்கை. அறிவியல் என்ன சொல்கிறது என்று யாரும் கேட்பதில்லை.

சாப்பிட்ட பிறகும் ஆட்டம் உண்டு. அதுதான் இந்தக் கழகத்தின் உயிர்: ஃபோர்சம்ஸ். நாலு பேர், இரண்டு பந்து. கூட்டாளிகள் இருவரும் ஒரே பந்தை மாறி மாறி அடிக்க வேண்டும். ஒருவர் ஒற்றைப்படைக் குழிகளில் தொடங்கினால் மற்றவர் இரட்டைப்படைக் குழிகளில். அடிக்காதவர் முன்னாலேயே நடந்துபோய்ப் பந்து விழும் இடத்தில் தயாராக நிற்பார். இரண்டரை, மூன்று மணி நேரத்துக்குள் 18 குழியும் முடிந்துவிடும். சொந்த மதிப்பெண் அட்டையைக் கட்டிக்கொண்டு அழும் நவீன ஆட்டக்காரருக்கு இது விநோதமாக இருக்கலாம். புதரில் கிடக்கும் பந்தை அங்கே அனுப்பியது கூட்டாளி; அதை எடுக்க வேண்டியவர் இவர். மன்னிப்புக் கேட்கவும் நேரம் கிடையாது. ஒரு நாளுக்காக வந்தவர் இந்தப் பிற்பகலில்தான் கழகத்தின் ஆளாகிறார்.

இந்த ஒழுங்கைக் காத்தவர்கள் எல்லோரும் இனிமையானவர்கள் என்று சொல்ல முடியாது. 1970-களிலும் 80-களின் தொடக்கத்திலும் செயலராக இருந்த கேப்டன் ஹான்மர் முன்னாள் கடற்படை அதிகாரி. காலியாகக் கிடக்கும் மைதானத்தைப் பின்னால் வைத்துக்கொண்டே, இன்று இடமில்லை என்று வந்தவர்களைத் திருப்பி அனுப்புவார் என்பது அவரைப் பற்றிய கதைகளில் ஒன்று. 1980-இல் டாம் வாட்சன் ஓபன் கோப்பையை வென்ற அன்று மாலை, நண்பர் பென் கிரென்ஷாவோடு பழைய ஹிக்கரி மர மட்டைகளை எடுத்துக்கொண்டு விளையாட்டாக மைதானத்தில் இறங்கினார். ஹான்மர் வந்து கண்டித்தார். சாம்பியனாக இருந்தால் என்ன, அனுமதி கேட்டாரா?

சிரித்துவிட்டுப் போகலாம். ஆனால் இதே சாப்பாடும் இதே வேகமும்தான் 2016-இல் வேறொரு காரியத்துக்குக் காரணமாகக் காட்டப்பட்டன. பெண்களை உறுப்பினராகச் சேர்க்கலாமா என்று அந்த ஆண்டு மே மாதம் வாக்கெடுப்பு நடந்தது. எதிர்த்த ஒரு குழு சக உறுப்பினர்களுக்கு எழுதிய கடிதத்தில், ஆட்டத்தின் வேகம் குறையும், மதியச் சாப்பாட்டு வழக்கம் பாதிக்கப்படும் என்று கவலைப்பட்டிருந்தது. ஆதரவு 64 சதவீதம். தேவைப்பட்டது மூன்றில் இரண்டு பங்கு. தீர்மானம் தோற்றது. ஓபனை நடத்தும் ஆர் அண்ட் ஏ அமைப்பு அன்றைக்கே மியூர்ஃபீல்டைப் போட்டி மைதானங்களின் பட்டியலிலிருந்து நீக்கியது. 1872-இல் ஓபனின் கிளாரட் ஜக் கோப்பை செய்யப் பத்துப் பவுண்டு கொடுத்த மூன்று கிளப்புகளில் ஒன்று, அந்தக் கோப்பைக்கே வெளியாள் ஆனது.

பெண்கள் அதற்கு முன்பும் இங்கே விருந்தினராக ஆடிக்கொண்டுதான் இருந்தார்கள். கட்டணத்தை வாங்கிக்கொள்ளலாம், உறுப்பினர் பட்டியலில் மட்டும் சேர்க்கக் கூடாது என்ற நிலை. பிரியத்தோடு பரிமாறுகிற கையே கதவையும் அடைக்கும் என்பதை மியூர்ஃபீல்ட் அளவுக்குத் துல்லியமாகக் காட்டிய கிளப் அதிகம் இல்லை. 2017 மார்ச்சில் மறுவாக்கெடுப்பு. 80 சதவீதத்துக்கு மேல் ஆதரவு. 2019-இல், விதிகள் எழுதி 275 ஆண்டுகள் கழிந்தபின், முதல் தொகுதியாக 12 பெண்களுக்கு அழைப்புப் போனது. 2022-இல் பெண்கள் ஓபன் இங்கே முதல் தடவையாக நடந்தது. இருட்டும் நேரத்தில் நாலு குழி கூடுதலாக ஆடித் தென்னாப்பிரிக்காவின் ஆஷ்லி புஹாய் வென்றார். ஆண்கள் ஓபன் 2013-க்குப் பிறகு இந்தப் பக்கம் வரவில்லை.

ஆடத் தெரியாதவர்களுக்கும் கல்லனில் வேலை இருக்கிறது. 2003-ஆம் ஆண்டின் ஸ்காட்லாந்து நிலச் சீர்திருத்தச் சட்டப்படி, ஆட்டத்துக்கு இடைஞ்சல் இல்லாமல், குழியைச் சுற்றிய கிரீனில் கால் வைக்காமல், கோல்ஃப் மைதானத்தைக் குறுக்கே கடந்து நடக்க யாருக்கும் உரிமை உண்டு; கிளப் எவ்வளவு தனியாரானாலும் சரி. மைதானத்தை ஒட்டி கிரேவால்ஸ் என்ற ஓட்டல் இருக்கிறது. 1901-இல் வீடாகக் கட்டப்பட்டது. வடிவமைத்தவர் எட்வின் லட்யன்ஸ். புதுதில்லியை வரைவதற்குப் பத்து ஆண்டுகளுக்கு முந்தைய லட்யன்ஸ். அதன் வளைந்த சுவர்களைப் பார்த்துவிட்டு ராஷ்டிரபதி பவனை நினைத்துப் பார்ப்பது நல்ல பொழுதுபோக்கு.

செவ்வாயும் வியாழனும் நிரம்பிவிட்டால் மனம் தளர வேண்டாம். அதே ஊரில் கல்லன் கோல்ஃப் கிளப்புக்கு மூன்று மைதானங்கள். காற்று அதேதான், மணல் அதேதான், பதிவு செய்வதும் எளிது. டையை ஓட்டல் அறையிலேயே விட்டுவிட்டுப் போகலாம்.